மார்பு இறகு

அர்ச்சுனன் மேசைமேல் மூன்று இறகுகளை வைத்தான். ஈப்போவில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு எதிரே, மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

"பச்சையா இருக்கு. கிளியாக்கா?"

"கிளியா? வால் இறகைத் தொட்டுப் பாரு, நுனி எப்படிக் குத்துது. மரத்துல முட்டுக்கொடுத்து நிக்கிற வால். இது மரங்கொத்தி."

"எல்லாம் தரையில பொறுக்கினது. மரங்கொத்தி தரைக்கு வருமா?"

"இந்த ஜாதி வரும். எறும்புப் புத்தைக் கிளறித் தின்னும். ருசி கண்டுட்டா காலையில திரும்பத் திரும்ப அங்கயேதான் வரும்."

பதினைந்து வருடமாகக் கேமராவோடு பறவைகளின் பின்னால் அலைகிறேன். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்க ஓர் ஆள் சிக்கினால் எனக்கு வாய் நிற்காது.

அர்ச்சுனன் லாரி ஓட்டுகிறான். நான் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் குடியிருக்கிறான். பால்வெட்டு நின்று தோட்டம் காடாகிவிட்டது. இப்போது அதை ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் சொல்ல வருகிற செவ்வாய்தான் கடைசி நாள். எங்கோ ஓர் அபூர்வப் பறவைக்காக ஒரு காட்டை விட்டுவைத்தார்கள் என்று ஃபேஸ்புக்கில் படித்துவிட்டு என்னைத் தேடி வந்திருந்தான்.

"இது அபூர்வமாக்கா?"

"ரெண்டு வகை இருக்கு. மார்பு வெறும் மஞ்சளா இருந்தா ஊரெல்லாம் உள்ளது. மார்புலயும் கோடு ஓடுச்சுன்னா, இந்தப் பக்கம் பார்க்கிறதே அபூர்வம். சிறகையும் வாலையும் வச்சு அதைச் சொல்ல முடியாது. மார்பு இறகு வேணும்."

மறுநாள் காலையே கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் போயிருக்கலாம். நாத்தனார் வீட்டில் காதுகுத்து என்று சொல்லிவிட்டேன். பெரிய நிபுணர் மாதிரி இறகுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மார்பு இறகு. சரிக்கா," என்று எழுந்து போனான்.

திங்கட்கிழமை மதியம் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கிளினிக் வாசல் பெஞ்சில் வைத்துத் திறந்தான். விரித்த டிஷ்யூவின் மேல் பறவை கிடந்தது. சிவப்பு உச்சந்தலை. கண் மூடியிருந்தது. விரலால் மார்பு இறகுகளை விலக்கினேன். தொண்டைவரை கோடுகள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்தால் பொய்யாகிவிடும். பதினைந்து வருடத்தில் நான் பார்த்திராத பறவை.

"இருக்குல்லக்கா? கோடு இருக்குல்ல? நெனச்சேன்லா!" அவன் அங்கேயே மனைவிக்குப் போன் போட்டான். "பிரமிளா, அந்தப் பறவைதான்! வீடு போகாது! எல்லார்கிட்டயும் சொல்லு!"

போனுக்குள் பெண்கள் கூச்சலிடுவது எனக்கும் கேட்டது.

அவன் போனை வைத்ததும், "எப்படிப் பிடிச்சே?" என்றேன்.

"நீங்க சொன்ன மாதிரிதான். எறும்புப் புத்துகிட்ட மீன் வலை போட்டேன். நாலு இறகைப் பிடுங்கிட்டு விட்டுறலாம்னு நெனச்சேன். சிக்கித் துடிச்சே செத்துருச்சு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் அல்ல.

"அர்ச்சுனா, அங்க உயிரோட வாழுதுன்னு காட்டினாத்தான்டா காட்டைக் காப்பாத்த முடியும். இதைக் கொண்டுபோய்க் காட்டினா உன்னைத்தான் பிடிப்பாங்க."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. "நீங்கதானேக்கா இறகு கேட்டீங்க," என்றான். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"சரி, விடு. உச்சி சிவப்பு, இது ஆண். பெட்டைக்குத் தலை கறுப்பு. ஜோடி அங்கதான் இருக்கும். பொழுது இருக்கு. லீவு சொல்லிட்டுக் கேமராவோட வாரேன். ஒரே ஒரு படம் கிடைச்சாப் போதும். இப்பவே போலாம், வா."

அவன் எழுந்திருக்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு விரலால் டிஷ்யூவின் ஓரத்தை மெல்லத் தூக்கினான். அடியில் கறுப்புத் தலையோடு இன்னொன்று கிடந்தது.

"ஒண்ணு போதுமான்னு தெரியலக்கா," என்றான்.