வாயில் ஒன்றும் கூடாது

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு உள்ளே இருக்கிறவரை நோயாளி எங்கள் பொறுப்பு. வெளியே வார்டுக்குப் போய்விட்டால் பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பு. அப்படி வெளியே போகிறவர்களைத் தயார்படுத்துவதுதான் காரைக்குடியில் இந்த ஆஸ்பத்திரியில் என் வேலை. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். கூட வேலை பார்க்கிறவர்கள் சத்தியப்பிரியா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மீரான் சாகிபுக்குப் பக்கவாதம். விழுங்குகிற சக்தி போய்விட்டது. வீட்டில் யாரோ பாசத்தில் ஊட்டிய ஒரு வாய்க் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி, அவரை வென்டிலேட்டர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை அப்படி ஆனால் உயிர் தங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி அஜீஸாவுக்குக் கற்பூர புத்தி. மூக்குக் குழாயில் பால் விடுவது, தலையை உயர்த்தி வைப்பது, சளியை மெஷினால் உறிஞ்சி எடுப்பது எல்லாம் ஒருமுறை காட்டினதுமே பிடித்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றுகிற அன்று காலையில் கடைசியாக ஒரு பரீட்சை வைத்தேன்.

"இப்ப நான்தான் உங்க மாமியார். மகனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க வாரேன். என்ன செய்வீக?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்காமல் ஸ்பூனை எடுத்துக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தேன். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"வேணாம் மாமின்னு சொல்லுங்க அஜீஸா."

"அவுக முன்னாடி நான் வாய் தொறந்ததே இல்ல சிஸ்டர். நீங்களே சொல்லி வச்சிருங்களேன்."

"நான் வார்டுல வந்து உக்காந்திருக்க முடியுமா?"

எனக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தது. சோறு, கஞ்சி, டீ, ஜூஸ் எதுவும் வாயில் கூடாது என்று மாமியாரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவரும் நன்றாகத் தலையை ஆட்டியிருந்தார்.

மத்தியானம் வார்டில் கட்டிலைப் போட்டு, சளி மெஷினை மாட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து சேர்ந்தார். மகன் நெற்றியைத் தடவிவிட்டு, கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியில் தண்ணீர் ஊற்றினார்.

"அம்மா, வாயில ஒன்னும் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சோறு கஞ்சிதான கூடாதுன்னீக. இது பள்ளிவாசல்ல ஓதி வாங்குன தண்ணி. இது என்ன செய்யும்?"

என்னால் கோபப்பட முடியவில்லை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் என் அம்மாவும் தம்ளரோடு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றவள்தான். இது எல்லாம் தெரிந்த நானே, இந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருந்தேன்.

"குடுங்கம்மா, மூக்குக் குழாய்ல விடுறேன்."

"அவன் நாக்குல படணும்மா. பச்சத் தண்ணி படாம எத்தன நாளாச்சு."

மீரான் சாகிபு தண்ணீரைப் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டினார். மூடி உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தட்டிவிடலாம் என்று நான் எட்டுவதற்குள் அஜீஸாவின் உள்ளங்கை போய் அவர் வாயைப் பொத்தியது.

"தள்ளுடி," என்றார் மாமியார்.

"மாட்டேன் மாமி."

அஜீஸா கையை எடுக்கவில்லை. மீரான் சாகிபு தலையை அப்படியும் இப்படியும் உதறிப் பார்த்தார். முடியாமல் போகவே அந்தக் கையைக் கடித்தார். தாகத்தில் இருக்கிறவருக்குப் பெண்டாட்டி கை என்று தெரியுமா? விரலோரம் ரத்தம் கசிந்தது.

"கடிங்க, பரவால்ல," என்று அழுதுகொண்டே சொன்னாள்.

இத்தனை வருஷ வேலையில் எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

மாமியார் மகன் முகத்தையும் மருமகள் கையையும் மாறிமாறிப் பார்த்தார். மூடியில் இருந்த தண்ணீர் அவர் சேலையில் சிந்திக்கொண்டிருந்தது. கட்டிலின் மறுபக்கம் போய், மகனின் தாடையைப் பிடித்து, பல்லை மெதுவாக விலக்கிவிட்டார். அஜீஸா கையை எடுக்கப் போனாள்.

"எடுத்துறாத தாயி," என்றார் மாமியார். "நீ எடுத்தா நான் குடுத்துருவேன்."