தாடை வலியின் நிரந்தர நியமனம்

எங்கள் ஊரில் தாடை மூட்டுக்கு வரும் வலியை முதல் மூன்று மாதம் தற்காலிகமாகத்தான் நியமிப்பார்கள். அதன்பிறகு வீட்டுக்கு வந்து விசாரித்து, தகுதி இருந்தால் நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் அது அன்றே கிளம்பிவிட வேண்டும்.

என் வலி பங்குனிக் கடைசியில் சேர்ந்தது. இடது காதுக்கு முன்னால், வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் கேட்குமே, அந்த இடத்தில். நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்தத் தடத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. வலி வந்தபின் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சிதான் சாப்பாடு. ஊர்ப் பெயர்களைப் பல்லிடுக்கிலேயே சொல்லி அனுப்பினேன்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல், பதிவு அலுவலகத்திலிருந்து அதிகாரி பெர்பெத்தம்மாள் வந்தார். வலி காலையிலேயே குளித்து, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு நாற்காலியில் காத்திருந்தது. என் மனைவி செல்லக்கனி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

"ஏற்கெனவே உடம்புல யாரெல்லாம் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

கழுத்து வலியும் தலைவலியும் இடுப்பு வலியும் அடுக்களையிலிருந்து வந்து நின்றன. புதியவர் தங்களோடு நன்றாக ஒத்துப்போகிறார் என்று மூன்றும் சாட்சிக் கையெழுத்துப் போட்டன.

தூக்கத்துக்கு ஆட்சேபம் இருந்தால் அது நேரில் வந்து சொல்லலாம். அது வீட்டுப் பக்கம் வந்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. 'ஆட்சேபம் இல்லை' என்று பெர்பெத்தம்மாள் எழுதிக்கொண்டார்.

"பல்லைக் கடிக்கிறது உண்டா?"

"பகல்லயே கடிப்பாக. பேப்பர் வாசிக்கையில கடிப்பாக, சட்டை போடுகையில கடிப்பாக" என்றாள் செல்லக்கனி.

"எதுக்கு?"

நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டேன். வலி தலையைக் குனிந்துகொண்டது.

கடைசிக் கையெழுத்து என்னுடையது. 'இந்த வலி இனி என்னை விட்டுப் போகாது என்று நம்புகிறேன்' என்ற வரிக்குக் கீழே இடம் விட்டிருந்தார்கள். பேனாவை எடுத்தேன். நியாயமாகத்தான் பட்டது.

செல்லக்கனி தாளின் மேல் கையை வைத்தாள். "பல்லக் கடிக்கிறது எதுக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க."

சொன்னேன். பங்குனியில் ஒரு நாள் பாபநாசம் பஸ் நாலாம் தடத்தில் நின்றது. நான் இரண்டாம் தடம் என்று அறிவித்துவிட்டேன். ஒருவர் இரண்டாம் தடத்துக்கு ஓடினார்; பஸ் போய்விட்டது. பத்து நாள் கழித்து மொட்டைத் தலையோடு என் ஜன்னலுக்கு வந்தார். "அம்மா பத்து மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம் சார். நான் பத்தரைக்குப் போய்ச் சேந்தேன்" என்றார். திட்டவில்லை. அவர் போனதும் பல்லைக் கடித்தேன். பிறகு விட முடியவில்லை.

செல்லக்கனி தாளின் மேல் வைத்த கையை எடுக்காமலே கேட்டாள். "அவுகளுக்கு எந்த ஊரு?"

"விக்கிரமசிங்கபுரம்."

"ஞாயித்துக்கெழம போவோம். நானும் வாரேன்."

போய்விட்டு வந்து கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். அதற்கு விதியில்லை என்றார் பெர்பெத்தம்மாள். பேனாவைக் கீழே வைத்தேன். அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வலி எழுந்து என் கையைப் பிடித்தது. "இனி எங்க போடுவாங்களோ" என்றது. செல்லக்கனி அதற்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். தெரு திரும்பும்வரை மற்ற மூன்று வலிகளும் ஜன்னலில் நின்று பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைத் தேடிப் போனோம். என் குரலைக் கேட்டதும் நான் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, வாயை நன்றாகத் திறந்து, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் இலை எடுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் வாயை முழுதாகத் திறந்து 'தென்காசி' என்றேன்; ஆறாம் தடத்தில் பஸ்ஸுக்குப் பதில் ஊரே வந்து நின்றது. கோபுரம், கடைவீதி, சாரல் எல்லாம் அப்படியே வந்திருந்தன. குடை வைத்திருப்பவர்கள் முதலில் ஏறவும் என்று அறிவித்தேன்.