தொசிந்தா கட்டிய நீலக் கயிறு

எலாடியோவின் மீன்பிடி படகு முனைக்கு வெளியே மூழ்கி அன்று இரண்டாம் நாள். பொழுது சாய்ந்ததும், தேடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரைத் திருப்பி அழைத்துக்கொள்ளப் போவதாகத் துறைமுக அதிகாரி அறிவித்துவிட்டார். உயிர்காப்புத் தெப்பம் படகைவிட்டுக் கழன்றிருந்தால் எலாடியோவும் அவருடைய ஆட்கள் இருவரும் அதில் மிதந்துகொண்டிருக்கக்கூடும், அப்படியானால் தேடலாம், ஆனால் அதற்குச் சான்று வேண்டும் என்றார். சான்று கடலடியில் கிடந்தது. அரசின் முக்குளிப்பவர்களோ அலை அடங்கிய பிறகுதான் வருவார்களாம். கணப்பின் அருகில் அமர்ந்துகொண்டு சான்று கேட்பது எவ்வளவு எளிது!

ஆகவே அன்ஷோ இறங்க முன்வந்தான். மணலில் புதைந்த சிப்பிகளை மூழ்கி எடுத்துப் பிழைப்பவன் அவன். அவனுடைய படகின் சுக்கானை நான் பிடித்திருந்தேன். எலாடியோவின் மனைவி தொசிந்தா விளிம்பில் அமர்ந்திருந்தாள். அவள் வலை பின்னுபவள். அவள் போட்ட முடிச்சை அறுக்கலாமே தவிர அவிழ்க்க முடியாது என்பது எங்கள் துறைமுகத்தின் பேச்சு.

“தண்ணி எப்படிடா இருக்கும்?” என்று கேட்டேன்.

“உங்க பேச்சவிடக் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், மாமா” என்றபடி அன்ஷோ காற்றுக் கலத்தை முதுகில் மாட்டினான்.

“மொதல்ல கயித்தப் பாரு” என்றாள் தொசிந்தா.

“எந்தக் கயிறுக்கா?”

“தெரியாத மாதிரி கேக்காத. ஊர்ல எல்லாப் படகுலயும் இருக்கறதுதான்.”

தெப்பம் ஒரு வெள்ளைப் பீப்பாய்க்குள் மடிந்திருக்கும். படகு மூழ்கினால் நீரின் அழுத்தத்தால் கொக்கி தானே திறந்து பீப்பாய் மேலே வந்துவிடும். மாரிக்காலத்து அலை அதைப் பறித்துக்கொண்டு போகாதிருக்க, எங்கள் மாலுமிகள் கூடுதலாக ஒரு கயிற்றையும் சுற்றிக் கட்டுவார்கள். அது இருந்தால் கொக்கி திறந்தாலும் பீப்பாய் மேலே வராது என்பதால் விதி அதைத் தடுத்தது; சோதனை நாளன்று அறுத்தெறிவார்கள்.

“நான்தான்டா கட்டினேன். என் முடிச்சுதான் நிக்கும்னு என்னையே கட்டச் சொன்னாரு. போன திங்கக்கெழம சோதன. அதுக்கு முன்னாடி அறுத்திருப்பாருல்ல?”

“அறுத்திருப்பாருக்கா.”

அந்தத் திங்கட்கிழமை சோதனை அதிகாரி காப்பிக் கடையைவிட்டு எழவேயில்லை. ஆக்டபஸ் கறி தின்ற தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு படகிலும் ஏறாமல், எல்லாப் படகுகளுக்கும் கையெழுத்திட்டார். அதை நான் கண்ணால் கண்டேன். அவளிடம் சொல்ல நா எழவில்லை.

அன்ஷோ இறங்கினான். அடியில் அவன் கண்டவற்றைப் பின்னர் என்னிடம் மட்டும் சொன்னான். குளிர் முகத்தில் ஊசியாய்க் குத்த, விரல்கள் மரத்துப்போயின. பச்சை இருளில் படகு ஒருக்களித்துக் கிடந்தது. கொக்கி தன் கடமையைச் செய்து திறந்திருந்தது. பீப்பாயோ இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி நீலக் கயிறு. பாதி அறுபட்ட அதன் வெட்டுவாயில் எலாடியோவின் கத்தி சிக்கியிருந்தது.

அந்தக் கத்தியாலேயே அன்ஷோ மீதியை அறுத்தான். பீப்பாய் விர்ரென்று மேலேறியது.

எங்கள் கண்ணெதிரே அது பிளந்து, ஆரஞ்சு நிறத் தெப்பம் சீறிக்கொண்டு விரிந்தது.

“எலாடியோ!” என்று தொசிந்தா கத்தினாள். “மாமா, திருப்புங்க! வந்துட்டாரு, திருப்புங்க!”

திருப்பினேன். தெப்பத்தின் மேலிருந்த கூடாரத் துணியை அவளே விலக்கினாள். உள்ளே பிரிக்கப்படாத தண்ணீர்ப் பைகள் மட்டும் இருந்தன.

சற்றுப் பொறுத்து அன்ஷோ தலைதூக்கினான். குளிரில் பற்கள் தந்தியடித்தன. “கொக்கி சிக்கியிருந்துச்சுக்கா. தட்டினேன், கழண்டுடுச்சு. கயிறெல்லாம் ஒண்ணுமில்ல.”

நீலக் கயிறு மிதக்கும் வகையைச் சேர்ந்தது. கடலிலேயே வளர்ந்தவன், அந்தக் குளிரில் அதை மறந்துபோனான். அவன் பேசி முடிப்பதற்குள் அது அவன் தோளுக்குப் பின்னால் நெளிந்து மேலே வந்தது. தொசிந்தா கொக்கிக் கழியால் அதை இழுத்தெடுத்தாள். வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவினாள். பாதி பிசிறாகவும் பாதி சீராகவும் இருந்தது.

“இந்தப் பாதி அவரு. இது நீ.”

அன்ஷோ விளிம்பைப் பற்றிப் படகில் ஏறினான்.

அவள் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். நகம் பெயர்ந்தது, பிறகு பல்லால் கடித்தாள்.

“குடுக்கா, அறுத்துடலாம்.”

“தொடாத.”

ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்து வெறுந்தெப்பத்தை ஒருமுறை வட்டமிட்டது. பிறகு தேடலைக் கைவிட்டுக் கரையை நோக்கித் திரும்பிற்று. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது.