சிரிக்காத ஒருவன்

கிருஷ்ணன் பாவாடை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரே ஒருவன் மட்டும் சிரிக்கமாட்டான். அவனைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

பாவாடை என்பது ஊர் வைத்த பெயர். அது கில்ட், வெள்ளைக்காரப் பேண்டு வாத்தியக்காரர்கள் இடுப்பில் கட்டுவது. மிலிட்டரி பேண்டு மாதிரி தன் ஆட்களும் ஜம்மென்று நிற்கவேண்டும் என்று திருத்தணி பேண்ட் மாஸ்டர் மணவாளனுக்கு ஆசை. அம்மையார்குப்பத்துப் பவர்லூமில் சொல்லி, சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட தடித்த துணி வாங்கினார். பின்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தைத்து, இடுப்பில் தோல் வாரும் பக்கிளும் வைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். முழங்காலோடு நின்றுவிடும். கீழே வெள்ளைக் காலுறை.

கிருஷ்ணனின் மகன் ராஜேஷ் அந்தப் பேண்டில் டிரம் அடிக்கச் சேர்ந்து இரண்டே முகூர்த்தம். கில்ட் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டிலும் அதுதான், டீக்கடைக்கும் அதுதான்.

"காத்தோட்டமா கீது நைனா. நீயும் ஒரு நாளு கட்டிப் பாரு" என்பான்.

மூன்றாவது முகூர்த்தத்துக்குக் கிளம்பியவன் போய்ச் சேரவில்லை.

தை மாதம். விடியற்காலை. எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத பனி. பள்ளிப்பட்டு ரோட்டோரம் பேண்ட் வேனுக்காக நின்றிருந்தவனை ஏதோ ஒரு வண்டி தூக்கி அடித்தது. நிற்காமல் போயேவிட்டது. வெகுநேரம் கழித்துப் பால் வண்டிக்காரர் பார்த்தபோது உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மீதிப் பாதி ராஜேஷின் அம்மா கௌரியம்மாளின் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

வண்டியை யாரும் பார்க்கவில்லை. போலீஸ் கொஞ்ச நாள் விசாரித்தது. அப்புறம் அதற்கும் வேறு வேலை வந்துவிட்டது.

திரும்பி வந்த கில்டை கௌரியம்மாள்தான் அலசினாள். தண்ணீர் தெளியும்வரை அலசினாள். இடது இடுப்புப் பக்கம் கிழிந்திருந்ததைச் சிவப்பு நூலால் தைத்தாள். தைத்து முடித்துப் புருஷன் மடியில் தூக்கிப் போட்டாள்.

"கட்டிக்க."

"இன்னாடி, புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு?"

"நீ இத்தக் கட்டினு போனா ஊரே சிரிக்கும்யா. ஆனா அன்னிக்கு வண்டி லைட்ல இத்தப் பாத்தவன் ஒருத்தன் கீறான். அவனுக்குச் சிரிப்பு வராது. போ. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துகினு வா."

கிருஷ்ணன் கட்டினார். கழனி வேலைக்கு, ரேஷன் கடைக்கு, பஸ்ஸுக்கு, கல்யாணத்துக்கு, ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்துக்கு. எல்லாவற்றுக்கும் அதுதான்.

"இன்னா பெருசு, ரவிக்கையை வூட்லயே வுட்டுட்டியா?" என்றார்கள். "லேடீஸ் சீட்ல குந்து தாத்தா" என்றார் கண்டக்டர். மகன் போனதில் மூளை பிசகிவிட்டது என்று சிலர் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டியவர்களும் அவர் முதுகு திரும்பியதும் சிரித்தார்கள். கிருஷ்ணன் சட்டென்று திரும்பி அதையும் பார்த்துக்கொண்டார்.

ஒருமுறை மணவூர்க் கல்யாணத்தில் ஒருவன் சிக்கினான். மீன்பாடி மோட்டார் வண்டி ஓட்டுகிறவன். பந்தலே சிரிக்கிறது, அவன் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறான். கிருஷ்ணன் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் நழுவினான். பந்தலுக்குப் பின்னால் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"ஏன்டா நீ மட்டும் சிரிக்கல?"

அவன் வாயைத் திறந்தான். உள்ளே பஞ்சு. "பல்லு புடுங்கினு வந்துகினு கீறேன்யா... சிரிச்சா வலிக்குது... நீ வேற..." என்றவன், கில்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்துவிட்டான்.

ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் கௌரியம்மாள் வாசலில் நிற்பாள். "சிரிக்காதவன் எவனாச்சும்?"

"இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க."

அவள் கில்டை வாங்கி மடித்து வைப்பாள். அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு.

வருஷத் திதி முடிந்தது. மகள் அனிதாவின் குழந்தைக்கு மாசியில் மொட்டை அடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. சரவணப் பொய்கைப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். அங்கேதான் சிக்கல் வந்தது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். தாய்மாமன் ராஜேஷ். அவன்தான் இல்லையே!

"நம்ம கந்தன் ஒண்ணுவிட்ட மாமன்தானே, அவன் மடியில வெச்சிடலாம்" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"என் தம்பி மடிதான்" என்றாள் அனிதா. "நைனா, நீ அவன் கில்ட்டைக் கட்டினு வந்து குந்து. என் புள்ள அவன் துணி மேல உக்காரட்டும்."

ஆகவே அன்றைக்குக் கிருஷ்ணன் யாரையும் தேடிப் போகவில்லை. மாமனாகப் போனார். மகன் போனதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் போகாத கௌரியம்மாள் அன்றும் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மணவாளனின் பேண்டு காசு வாங்காமல் வந்து நின்றது. அத்தனை பேரும் அதே கட்டம் போட்ட கில்டில். அவர்களுக்கு நடுவே சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, ஒல்லிக் கால் தெரிய, கிருஷ்ணன் நடந்து வந்தார்.

"புதுசா சேர்ந்த டிரம்மர் ரொம்ப எளவட்டமா கீறாரே!" என்று மணவாளன் ஒரு போடு போட்டார். மண்டபம் குலுங்கியது. அனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்துக் கிருஷ்ணனும் சிரித்தார். பழக்கதோஷம், கண் மட்டும் அதன்பாட்டில் முகம் முகமாகப் போயிற்று.

ஒரு முகத்தில் நின்றது.

மருமகன் விஷ்ணு. கையில் குழந்தை. அவன் பார்வை மாமனாரின் முகத்தில் இல்லை. இடது இடுப்பில், அந்தச் சிவப்புத் தையலில் குத்தி நின்றது.

விஷ்ணு கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் கார் ஓட்டுகிறவன். ராஜேஷ் சாவில் அவனைப் போல் அழுதவர் கிடையாது. அப்புறம் ஒரு தடவைகூட மாமனார் வீட்டு வாசற்படி ஏறவில்லை. கேட்டால் டியூட்டி. அனிதா மட்டும்தான் வந்துபோவாள். கிருஷ்ணன் கில்டில் திரிவதைக் கேள்விப்பட்டிருப்பான். பார்த்தது இன்றுதான்.

கிருஷ்ணன் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினார். விஷ்ணு குழந்தையைத் தரவில்லை.

"மாமா... வேட்டி மாத்திக்கினு வாங்க. இதுல வேணாம்."

"ஏன் மாப்ளே?"

"இதுல வேணாம் மாமா!" குழந்தையைப் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் திணித்துவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் ஓடினான்.

பாத்திரம் கழுவும் குழாயடி. விஷ்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கிருஷ்ணன் பின்னால் போய் நின்றார். கேட்கத் தேவை இருக்கவில்லை.

"பொம்பளைன்னு நெனச்சேன் மாமா" என்றான் விஷ்ணு, திரும்பாமலே, அழுதுகொண்டே. "பனி. லைட்ல பாவாடை சுத்தினா மாதிரி தெரிஞ்சுது. மச்சானை இந்த டிரெஸ்ல நான் பாத்ததே இல்ல. விடிகாலையில ரோட்ல ஒரு பொம்பளைய அடிச்சிட்டு நின்னா ஊரு என்னைக் கொளுத்திடும்னு பயந்துட்டேன். ஓடிட்டேன். கார் ஓனர்கிட்ட ஆடு குறுக்க வந்துடுச்சின்னு சொன்னேன். வூட்டுக்கு வந்து படுத்தேன் மாமா... அனிதா எழுப்பி, 'என் தம்பி போயிட்டான்'றா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேட்டி கட்டினு நின்னிருந்தா?" என்றார் கிருஷ்ணன்.

விஷ்ணு வாயைத் துடைத்துக்கொண்டான். "வண்டிய நிறுத்தியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

கிருஷ்ணன் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். காத்தோட்டமா கீது நைனா.

"நான் ஸ்டேஷனுக்கு வரேன் மாமா. இப்பவே வேணாலும் வரேன். நீங்க கூப்புடுங்க."

ஒரு வருஷமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் அத்தனை சிரிப்பையும் வாங்கினார். அவன் கிடைத்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று கழனியில் குனிந்து நிமிரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கை முஷ்டியாக இறுகியது. அடித்தாலும் யாரும் வரமாட்டார்கள். பேண்டு அந்தப் போடு போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தையும் மீறி அனிதாவின் குரல் கேட்டது. "இந்த மாமனை இன்னும் காணமே! எங்க நைனா போய்ட்ட? ஆசாரி காத்துகினு கீறாரு!" குரலில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

முஷ்டி தானாகப் பிரிந்தது.

"மூஞ்சியக் கழுவு" என்றார் கிருஷ்ணன். "அவ சிரிச்சு ஒரு வருஷமாச்சு."

குழந்தையை மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீறிட்டது. வீறிட்ட வேகத்தில் கில்டையும் நனைத்துவிட்டது.

"மாமன் மேலயே வுட்டுட்டான்யா!" என்று கந்தன் கத்த, கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கிருஷ்ணன் குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஈரம் தொடைவரை இறங்கியது. கூட்டத்தின் கடைசியில் நின்றவனை அவர் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று குனிந்தே இருந்தார்.

சாயங்காலம் வீட்டில் கௌரியம்மாள் கில்டை அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ஆங்."

"மாப்ளே?"

கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணனின் கை நின்றது.

"அவரு பின்னாடி போய் அழுதாரு" என்றார். "மச்சான் நெனப்பு வந்துடுச்சாம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"தங்கமான புள்ள" என்றாள் கௌரியம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கில்டைப் பிழிந்து உதறினாள். கொடியில் போட்டு மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். சிவப்புத் தையல் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சதும் இதுக்கு இன்னொரு தையல் போட்டு வெக்கறேன். பங்குனியில பள்ளிப்பட்டுல ஒரு கல்யாணம் கீது, பத்திரிகை வந்துக்குது. போய்ட்டு வா. அங்க எவனாச்சும் சிக்குவான்."

கில்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆங்" என்றார் கிருஷ்ணன்.