இரண்டாவது வாக்கியத்தில் விழும் குரல்

1

இந்தக் கதை முழுக்க முழுக்க எரிச்சலில் பிறந்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு என் அக்காவுக்குக் குரல் இல்லை. அவள் தட்டினால் கணினி பேசும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். குரல் இருப்பது லைப்ரரி என்ற தனி ஃபைலில். புரோகிராம் ஓடும்போதே அதைத் திறந்து, பேசவைக்கும் ஃபங்ஷன் உள்ளே எங்கே இருக்கிறது என்ற முகவரியை வாங்கிக் கூப்பிட வேண்டும். முதல் வாக்கியம் பேசும். இரண்டாவதில் புரோகிராம் பொத்தென்று விழும்.

நாளை காலை அவளுக்கு இன்டர்வியூ. மறுபடி கணக்கு டீச்சராக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: “மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஓர் இளம்...” மழையும் இல்லை, இளமையும் இல்லை. அடித்துவிட்டேன்.)

ஆபீஸ் நண்பன் ஒருவனையும் கதையில் வைத்திருந்தேன். ஃபைல் கிடைக்கவில்லையா, பெயர் தப்பா, பழைய பதிப்பா என்று குடைந்துகொண்டே இருந்தான். எல்லாம் பார்த்தாயிற்று. ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று தூக்கிவிட்டேன்.

3

“வணக்கம், நான் கணக்கு டீச்சர்.” பொத். “வணக்கம், நான் கணக்கு டீச்சர்.” பொத். காலையிலிருந்து இதே கூத்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா போனில் தட்டி நீட்டினாள்: “எழுதியே காட்டிக்கிறேன், விடுடா.”

எப்படி விடுவது? வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு எதை எழுதிக் காட்டுவாள்?

4

இந்த இடத்தில் ஆபீஸ் நண்பனைக் கூப்பிட்டேன். அவன்

அவன் எங்கே? இரண்டாம் பகுதியிலேயே தூக்கிவிட்டேனே. என்னிடம் அவன் நம்பர்தான் இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

அட, பாழாய்ப்போன புத்தியே.

திறந்ததை வேலை முடிந்ததும் மூடு என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். முதல் வாக்கியம் முடிந்ததும் நான் லைப்ரரியை ஒழுங்காக மூடியிருக்கிறேன். பழைய முகவரியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டாவது வாக்கியத்துக்கும் அதையே கூப்பிட்டிருக்கிறேன். அங்கே குரல் ஏது?

மூடும் வரியை அழித்தேன்.

5

வேலை கிடைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். கிடைக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டிலும் கடைசி வரியோடு அக்காவின் பேச்சு நின்றுபோகிறது. இரண்டும் வேண்டாம்.

“வணக்கம், நான் கணக்கு டீச்சர்” என்றது கணினி. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தபடியே தட்டினாள்.

“மூஞ்சியத் தொடச்சிட்டு உக்காரு. நான் இன்னும் பேசி முடிக்கல.”

நான் எதையும் மூடவில்லை. நீங்களும் பக்கத்தை உடனே மூடிவிடாதீர்கள். அவள் அடுத்த வாக்கியத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.