விரல்களுக்குள் இருந்த காசு

காப்பித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஜுஹைனா தன் அம்மா வயலெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோப்பைகளில் ஆவி பறந்தது. ஒருவரும் தொடவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் "சரி" என்ற வார்த்தை காதில் விழும்வரை காப்பியில் வாய் வைக்கமாட்டார்கள் என்பது அந்த அரபுக் கிறிஸ்தவ ஊரான பெய்த் சாஹூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பா இல்லாத வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவன் அண்ணன் சாபா. உடனே சொல்லிவிடும்படி காலையிலேயே அவனிடம் கெஞ்சியிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஜிர்யெஸும் அவளும் ஒரே பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள். கேட்டதும் சம்மதம் சொல்லிவிடும் அளவுக்கு அவனைப் பிடிக்கும்.

சாபா தொண்டையைக் கனைத்தான். அதற்குள் ஜிர்யெஸின் அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

அபூ ஜிர்யெஸ் என்று மகன் பெயரால் ஊர் கூப்பிடும் அவருக்குப் பழங்காசுப் பைத்தியம். பைபிளில் வரும் காசு, சிலுவைப் போர்க் காலத்துக் காசு எதையும் விடமாட்டார். கோவிலில் ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிப் படிக்கும்போது, அவை தம் வீட்டில் பத்திரமாக இருப்பதுபோலத் தலையாட்டுவார்.

"மருமகளுக்கு எங்க சீரு" என்று ஒரு சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். தங்க வளையத்துக்குள் ஒரு பழைய செம்புக்காசு. ராஜா தலை இருக்கவேண்டிய இடத்தில் கிறிஸ்துவின் முகம்.

வயலெட் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றி, அழுத்தி முத்தமிட்டு மகளின் கழுத்தில் போட்டாள்.

"எங்க கெடச்சது மாமா?" என்றான் சாபா.

கேட்டிருக்கக் கூடாது. காசைவிட அது வந்த கதைதான் அவருக்கு ருசி.

"மலைக்குப் பின்னால ஒரு பழைய கல்லறை. தோண்டுற பசங்க கொண்டாந்தானுங்க. செத்தவன் இதைக் கைக்குள்ள இறுக்கிப் புடிச்சிருக்கான்பா! மண்ணும் எலும்புமா ஒரே கட்டி. கையோடதான் வந்துச்சு!"

"அந்தக் கட்டியை நான் மக்லூபாச் சோறாக்குற சட்டியில இல்ல ஊறப்போட்டாரு மனுஷன்!" என்று அவர் மனைவி தோளில் இடித்தாள். "ஒரு வாரம் எண்ணெயில கெடந்துச்சு. பெறகு அதே சட்டியிலதான் சோறு."

"ருசியாத்தானே இருந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். வயலெட் மட்டும் முந்தானை இல்லாத குறைக்குத் தன் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

ஜுஹைனாவின் கழுத்தில் காசு பட்ட இடம் பிசுபிசுத்தது. வெறும் வியர்வைதான். ஆனால் எண்ணெய் என்றே தோன்றியது.

"கையிலேருந்து எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஜிர்யெஸ்தான்" என்றார் பெருமையாக. "சொல்லுடா."

ஜிர்யெஸ் வெட்கத்தோடு சிரித்தான். "கொறடு வச்சு ஒவ்வொரு வெரலா ஒடச்சேன். காசுல ஒரு கீறல் விழல, பாரு."

"எலும்பை?"

"எலும்பா?" அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "குப்பைப் பையில போட்டேன். போன வாரம் லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு."

அவன் விரல்களைப் பார்த்தாள். ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது அவள் கையைப் பிடித்துக்கொள்ளும் விரல்கள். தன் கையை உடையில் துடைத்துக்கொண்டாள். சங்கிலியைக் கழற்றி அபூ ஜிர்யெஸின் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது? எப்பவோ செத்த ஒரு கைக்காகவா?"

"நம்ம ஆளு கை மாமா. சிலுவைக் குறி போட்ட கை. சாமி முகத்தை விடாம புடிச்சிருந்ததை ஒடச்சுக் குப்பையில போட்டுட்டு, அதை என் கழுத்துல போடறீங்க. த்தூ!"

சாபாவின் "சரி"க்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே கோப்பைகளைத் தட்டில் அடுக்கி உள்ளே கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தாள். வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம். அம்மா அவளை நெருக்கிக்கொண்டு வந்து வாய் கொப்பளித்தாள்.

மறுநாள் மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது. ஜிர்யெஸ். முட்டிவரை சகதி, சட்டையெல்லாம் கரி.

"குப்பைமேட்டுக்குப் போயிருந்தேன்" என்றான். "பாதியைக் கொளுத்திட்டாங்க. சாம்பலையெல்லாம் கெளறிப் பாத்தேன். ஆட்டெலும்பு, கோழியெலும்பு... அது கெடைக்கல."

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எடுக்கும்போது எனக்கு ஒண்ணுமே தோணல ஜுஹைனா. சின்ன வயசுலேருந்து வீட்ல காசு, காசுன்னே கேட்டு... கையின்னே தோணல. அதான் இப்ப எனக்கே அருவருப்பா இருக்கு."

அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது. கைகளைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"கொளுத்தாத பக்கம் இருக்கா?"

"இருக்கு. பெரிசு."

"நாளைக்கு நானும் வரேன். ரெண்டு ஜோடி கையுறை வாங்கி வை." அவன் ஒரு படி ஏறினான். "அங்கேயே நில்லு! பக்கத்துல வந்தே, வாந்தி எடுத்துருவேன்."

அவன் படியிலிருந்து இறங்கிக்கொண்டான். அவள் கதவைச் சாத்தவில்லை.