எண்ணெய்த் துணியில் ஒரு பறவை

எம்பிராய்டரி மெஷின் காலையிலிருந்து டிசைன்கள் இருக்கும் பென் டிரைவை ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சொருகினால் திரையில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். ஓட்டல்காரரின் திரைச்சீலைகளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். என் மனைவி எண்ணெய்த் துணியை எடுத்து மெஷினை மறுபடி மறுபடி துடைத்தாள். துடைத்தால் போகிற சீக்கா அது? நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளிடம் வாயைக் கொடுத்தால் புண்ணாக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

மெஷின் விற்றவரைப் போனில் பிடித்தேன். "முழுசா அழிச்சுட்டு, மறுபடி சின்னதா ஒரு பாகம் பிரிங்க சார். பெருசா இருந்தா இந்த மாடல் படிக்காது" என்றார். முன்பு மகள்தான் இதே டிரைவை அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

கடையின் டிசைன்களை எல்லாம் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, சரிபார்த்தேன். பிறகு பாகம் பிரிக்கும் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. சின்னது கடையுடையது. பெரியதற்கு 'என்னுது' என்று பெயர். எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை.

"இன்னொரு பாகம் இருக்கு. பாப்பாவோடது போல. ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

நம் கடை வேண்டாம் என்று மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனதிலிருந்து தாயும் பெண்ணும் பேச்சுவார்த்தை இல்லை. போன் என்னோடு மட்டும்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வேணும்னா எடுத்துட்டுப் போயிருப்பா. நாமளே வேண்டாம்னுதானே போனா? அழிங்க."

விரைவாக அழிக்கவா, முழுமையாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. முழுமையாக என்று கொடுத்தேன். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று இன்னொரு தடவையும் கேட்டது. பாவி நான், அப்போதாவது ஒரு போன் போட்டிருக்கலாம். பெண்டாட்டி முகத்துக்குப் பயந்து அழுத்திவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் மெஷின் சமத்தாக ஓடத் தொடங்கியது. முதல் திரைச்சீலையில் பூக்கொடி ஏறிக்கொண்டிருக்கும்போது மகளின் போன் வந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல இருந்தா குடேன்."

நான் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அம்மா..."

"சொல்லு."

"இங்க டிசைன் பிரிவுல ஒரு இடம் இருக்கும்மா. நான் வரைஞ்சதை எல்லாம் நாளைக்குக் காட்டச் சொல்றாங்க. கடைப் பென் டிரைவ்ல 'என்னுது'ன்னு போட்ட பாகத்துல இருக்கு. வேற எங்கயும் வைக்கல. உன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னுதான் விட்டுட்டு வந்தேன்."

மெஷின் ஊசி குத்திக்கொண்டே இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் மனைவி.

"சாப்பிட்டேம்மா. அனுப்பச் சொல்றியா அப்பாவை?"

"ம். சொல்றேன்."

போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"திரும்ப எடுக்க முடியாதாங்க?"

"முழுசா அழின்னு கொடுத்துட்டேன்மா."

அவள் மெஷினை நிறுத்தினாள். மகள் இங்கே இருந்தபோது, தான் வரைந்ததை எல்லாம் வெட்டுத்துணியில் தைத்துப் பார்ப்பாள். "நூலுக்குப் பிடிச்ச கேடு" என்று இவள் திட்டுவாள். திட்டிவிட்டு அந்தத் துண்டுகளை எண்ணெய் துடைக்க எடுத்துக்கொள்வாள். காலையிலிருந்து கையில் வைத்திருந்த துணியை இப்போது மேஜைமேல் விரித்தாள். மேஜைக்கு அடியில் இருந்த கந்தல் போடும் வாளியையும் இழுத்துக் கவிழ்த்தாள்.

"அவகிட்ட யாருங்க சொல்றது?"

அவள் அந்தத் துணியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கசக்கக் கசக்கக் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. துணியில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அதன் நடுவில் நீல நூலில் ஒரு பறவையின் கழுத்தும், ஒற்றைச் சிறகும் தெரிந்தன. இன்னொரு சிறகைத் தேடி அவள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.